மவுஸ் நெக்ஸ்ட் அணியின் கதை என்ன? ஏன் எல்லாரும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்?

பிங்_நூற்றெண்பது:

வணக்கம் மக்களே. கம்ப்யூட்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடுவது எனக்குப் பல வருடப் பழக்கம், ஆனால் பெரிய போட்டிகளை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மவுஸ் அணி ஆடும் மேட்ச் எதைப் பார்த்தாலும் கமெண்டேட்டர்கள் "இவர் நெக்ஸ்டில் இருந்து வந்தவர், அவரும் நெக்ஸ்டில் இருந்து வந்தவர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அது அவர்களுடைய அகாடமி அணி, அதாவது இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் இரண்டாம் அணி என்பது வரைக்கும் புரிகிறது. அது எப்போது தொடங்கியது, யார் யார் அதிலிருந்து மேலே வந்தார்கள், எதற்காக ஒரு அகாடமிக்கு இவ்வளவு பேர்? நாவி ஜூனியர் என்று இன்னொரு பெயரும் காதில் விழுகிறது. இரண்டும் ஒரே மாதிரிதானா?

என் சித்தப்பா மகன் (அவனும் இதே பைத்தியம்தான்) அகாடமி எல்லாம் சும்மா ஸ்பான்சருக்குக் காட்டுகிற படம், நல்ல ஆட்டக்காரன் எப்படியும் மேலே வந்துவிடுவான் என்று அடித்துச் சொல்கிறான். அவன் வாயை அடைக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள்.

---

ஹெட்ஷாட்_கண்ணாயிரம்:

கேட்டது சின்னக் கேள்விதான், பதில் நீளும், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மவுஸ் என்பது ஜெர்மனி அணி. 2002-ல் பெர்லினில் மவுஸ்ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2021-ல்தான் பெயரைச் சுருக்கி மவுஸ் ஆக்கினார்கள். நாங்கள் எல்லாம் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்லுவோம், அதை விடுங்கள்.

நெக்ஸ்ட் கதை புரிய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மெயின் அணிக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டும். 2019-ல் காரிகன், ரோப்ஸ், ஃப்ரோசன், வாக்ஸிக், கிறிஸ்ஜே என்று ஒரு அருமையான ஐவர் இருந்தார்கள். அந்த டிசம்பரில் டென்மார்க்கின் ஓடென்சேயில் ஈஎஸ்எல் புரோ லீக் 10-வது சீசனையே ஜெயித்தார்கள். அடுத்த வருடம் கொரோனா, எல்லாமே ஆன்லைன், அணி சரிய ஆரம்பித்தது. வாக்ஸிக் போனார், கிறிஸ்ஜே போனார், 2021 தொடக்கத்தில் காரிகன் ஃபேஸ் அணிக்குப் போனார், 2022 ஜனவரியில் ரோப்ஸும் அவர் பின்னாலேயே போய்விட்டார். அந்த இரண்டு பேரும் 2022 மே மாதம் ஃபேஸ் சட்டையில் ஆன்ட்வெர்ப் மேஜரை (மேஜர் என்றால் இந்த ஆட்டத்தின் உலகக் கோப்பை மாதிரி) தூக்கியபோது மவுஸ் ரசிகர்கள் வயிறு எரிந்தது எப்படி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னுடையதும் எரிந்தது.

இப்படி வீடு காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாடியில் நெக்ஸ்ட் வளர்ந்தது. 2021-ல் அந்தப் பையன்கள் போட்டிகளில் இறங்கினார்கள். அதே வருடம் உக்ரைனைச் சேர்ந்த வீப்ளே நிறுவனம் அகாடமி அணிகளுக்கென்றே தனி லீக் ஒன்றைத் தொடங்கியது, வீப்ளே அகாடமி லீக். நாவி ஜூனியர், யங் நின்ஜாஸ், ஃப்னாட்டிக் ரைசிங், அஸ்ட்ராலிஸ் டேலண்ட் என்று பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதில் ஆடினார்கள். நெக்ஸ்ட் அந்த லீக்கில் கோப்பை மேல் கோப்பையாக அடுக்கியது. ஒரு கட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்பதே வீண் வேலை ஆகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். 2022 ஜனவரியில் ஹங்கேரிக்காரர் டோர்சி, ஏகார் இருந்த ஆவ்ப் (தூரத்தில் இருந்து சுடும் ஸ்னைப்பர் துப்பாக்கி) இடத்துக்கு. அந்த வருடத்துக்குள்ளேயே ஜேடிசி, எக்ஸர்ஷன். பயிற்சியாளர் சைக்ரோனும் நெக்ஸ்டில் இருந்துதான் மேலே வந்தார், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த நவம்பரில் ரியோ மேஜரில் மூன்று நெக்ஸ்ட் பையன்களோடு அரையிறுதி வரை போனார்கள், அவுட்சைடர்ஸ் அணியிடம் தோற்றார்கள், அந்த அவுட்சைடர்ஸ்தான் பிறகு கோப்பையையும் எடுத்தது.

2023 கோடையில் ஜிம்ஃபாட் வந்தார், பின்லாந்துப் பையன், 2006-ல் பிறந்தவர். நான் ஸ்ட்ரைக் ஆடக் கற்றுக்கொண்டபோது இவர் பிறக்கவே இல்லை. கூடவே போலந்துக்காரர் சியூஹி, அணித் தலைவராக. அவர் வந்த வழி தனிக் கதை, யாராவது கீழே சொல்லுவார்கள்.

அந்த வருடம் மால்டாவில் ஈஎஸ்எல் புரோ லீக் 18-வது சீசனில் என்ஐபி அணியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கினார்களே, அந்த ஐவரை எண்ணிப் பாருங்கள்: டோர்சி, எக்ஸர்ஷன், ஜிம்ஃபாட், சியூஹி, ஃப்ரோசன். முதல் நான்கு பேரும் நெக்ஸ்ட் வாசலைத் தாண்டி வந்தவர்கள். பின்னால் நின்று தோளைத் தட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளரும் அங்கிருந்து வந்தவர். ஃப்ரோசன் ஒருவர்தான் பழைய ஆள், 2019 கோப்பையிலும் இருந்தவர்.

அடுத்த மே மாதம் அதே மால்டாவில் 19-வது சீசன், இந்தத் தடவை வைட்டாலிட்டி அணியை ஒரு மேப்கூட (மேப் என்றால் ஒரு களத்தில் நடக்கும் ஒரு ஆட்டம்) கொடுக்காமல் அடித்தார்கள். அதற்குள் ஃப்ரோசன் ஃபேஸுக்குப் போய், ஸ்வீடனின் ப்ரோலன் வந்திருந்தார்.

உங்கள் சித்தப்பா மகனிடம் இதைக் காட்டுங்கள். படம் காட்டுகிறவர்கள் நான்கு பேரை மெயின் அணியில் இறக்க மாட்டார்கள்.

---

தூங்காநகர்_ஸ்மோக்:

சுருக்கமாகச் சொன்னால் நெக்ஸ்ட் வந்த பிறகுதான் மவுஸுக்கு மவுசு.

(இதற்காகத்தான் லாகின் செய்தேன், கிளம்புகிறேன்.)

---

ஈகோ_ரவுண்ட்:

கண்ணாயிரம் அண்ணன் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அகாடமி என்றால் என்னைப் போன்றவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நாவி ஜூனியர்தான், அதை ஒரு வரியில் தாண்டிப் போனால் எப்படி?

நாவி கீவ் நகரத்து அணி, 2009 கடைசியில் தொடங்கியது. அவர்களுடைய ஜூனியர் அணியில் ஆடிக்கொண்டிருந்த உக்ரைன் பையன்தான் பிட். அவரை எப்படி மேலே கொண்டுவந்தார்கள் என்பதைத்தான் எல்லா அணியும் பாடமாகப் படிக்க வேண்டும். ஒரே நாளில் யாரையும் வெளியே தள்ளவில்லை. முதலில் ஆறாவது ஆளாகச் சேர்த்து, சில மேப்களில் மட்டும் ஆடவிட்டார்கள். அந்த மேப் வரும்போது மெயின் அணியின் ஃப்ளேமி எழுந்துகொள்வார், பிட் உட்காருவார். பையனுக்கும் பழக்கமாச்சு, மற்ற நாலு பேருக்கும் பழக்கமாச்சு. 2021 நடுவில் பார்த்தால் அவர் முழு நேர ஆள். அந்த வருடம் நாவி என்ன ஆட்டம் ஆடியது! கொலோன் தொடரை ஜெயித்தார்கள், புரோ லீக் ஜெயித்தார்கள், பல பெரிய தொடர்களை ஜெயிப்பவர்களுக்குக் கொடுக்கும் பத்து லட்சம் டாலர் கிராண்ட் ஸ்லாம் பரிசையும் வாங்கினார்கள், நவம்பரில் ஸ்டாக்ஹோம் மேஜரில் ஒரு மேப்கூடத் தோற்காமல் கோப்பை. அப்போது பிட்டுக்கு 18 வயது.

2024 மார்ச்சில் கோபன்ஹேகனில் நாவி மறுபடி மேஜர் ஜெயித்தபோது, ஸ்டாக்ஹோம் அணியில் இருந்து மிச்சம் இருந்த ஒரே ஆட்டக்காரர் அந்த அகாடமிப் பையன்தான். சிம்பிள் இல்லை, எலக்ட்ரானிக் இல்லை, பெர்ஃபெக்டோ இல்லை. நெக்ஸ்டில் இருந்து வந்தவர்கள் யாரும் இன்னும் மேஜர் கோப்பையைத் தொடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2025-ல் மகாஸியை ஜேஎல் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், அவரும் ஜூனியர் அணிதான், கொசோவோக்காரர். முன்பு ஜூனியரில் உக்ரைன், ரஷ்யா பக்கத்துப் பையன்கள்தான் ஆடுவார்கள். போர் வந்தது, 2023-ல் மெயின் அணி ஆங்கிலம் பேசும் பன்னாட்டு அணி ஆனது, ஜூனியரும் அதே வழியில் மாறியது. கொசோவோப் பையன் கீவ் அகாடமியில் என்ன செய்கிறான் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

---

பிங்_நூற்றெண்பது:

அடேயப்பா, நன்றி இருவருக்கும். ஒரு சந்தேகம். மோனசியும் நாவி ஜூனியர் என்று எங்கோ படித்தேன். அப்புறம் ஏன் அவர் நாவி மெயின் அணியில் ஆடவே இல்லை? அவ்வளவு பெரிய ஆட்டக்காரரை வளர்த்துவிட்டு ஜி2-க்கு விற்றார்களா? லூசா அவர்கள்?

---

ஏ_சைட்_வாட்ச்மேன்:

லூசு இல்லை பாஸ். உட்கார நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

மோனசி ஆவ்ப் அடிக்கிறவர். ஒரு அணியில் முதல் ஆவ்ப் ஒருவர்தான். நாவியில் அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர் சிம்பிள், அதுவும் 2021-ல், உலகத்திலேயே முதல் ஆட்டக்காரர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட வருடத்தில். அவரை எழுப்பிவிட்டு 16 வயதுப் பையனை உட்கார வைக்க எந்த பயிற்சியாளருக்குத் துணிச்சல் வரும்? இன்னும் இரண்டு வருடம் ஜூனியரிலேயே வைத்திருந்தால் பையன் வீணாகியிருப்பான். 2022 ஜனவரியில் ஜி2 வாங்கியது. 2023-ல் அவர் ஜி2-வோடு கட்டோவிட்ஸ், கொலோன் என்ற இரண்டு பெரிய தொடர்களையும் ஜெயித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அதே 2023 அக்டோபரில் சிம்பிள் ஓய்வு வேண்டும் என்று ஒதுங்கிவிட்டார். நாற்காலி காலி! ஆனால் அதில் உட்கார வேண்டியவர் எப்போதோ வேறு வீட்டுக்குப் போய்விட்டார். வெளியில் போய் வொண்டர்ஃபுல்லை வாங்கி வந்தார்கள். அவரும் நன்றாகத்தான் ஆடினார், மேஜரே ஜெயித்தார், ஆனாலும் மனசு கேட்கிறதா?

அதனால் மேலே இரண்டு பேரும் எழுதியதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. நெக்ஸ்ட் பெரிய அகாடமியா ஜூனியர் பெரிய அகாடமியா என்று அகாடமிக்குள்ளேயே தேடுகிறீர்கள். நான் மெயின் அணியைப் பார்ப்பேன். டோர்சி மேலே வந்த அதே ஜனவரியில்தான் மோனசி வெளியே போனார், ஒரே மாதம்! ஹங்கேரிக்காரர் மோனசியை விடத் திறமைசாலி என்று டோர்சியின் அம்மாகூடச் சொல்ல மாட்டார். மவுஸில் இடம் இருந்தது, நாவியில் இல்லை. மவுஸ் அந்த நேரத்தில் ரோப்ஸை இழந்து நின்றது, பெரிய பெயர்களை வாங்கிப் போடும் நிலையிலும் இல்லை, பையன்களை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி ஏது? பிட் வந்ததும் அப்படித்தான், ஃப்ளேமியின் ஆட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

சியூஹி கதையைச் சொல்கிறேன் என்று யாரும் வரவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அவர் நெக்ஸ்டின் தலைவர். ஆனால் மெயின் அணிக்கு டெக்ஸ்டர் என்ற தலைவர் இருந்தார், அங்கேயும் நாற்காலிப் பிரச்சினை. 2022-ல் கேமர்லீஜியன் என்ற, அப்போது யாரும் பெரிதாக மதிக்காத அணிக்குப் போனார். அங்கே அவரோடு ஆவ்ப் அடித்தது யார் தெரியுமா? ஏகார். டோர்சி வந்ததால் மவுஸில் இடம் போன அதே ஏகார். மவுஸ் மெயின் அணியில் இடம் கிடைக்காமல் போனவரும், அகாடமியால் இடம் போனவரும் சேர்ந்து 2023 மே மாதம் பாரிஸ் மேஜரின் இறுதிப் போட்டி வரை போனார்கள்! அங்கே வைட்டாலிட்டியிடம் தோற்றார்கள். அந்த வெயிலில் இரவு முழுக்க ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்த்தவன் நான், அந்த கேமர்லீஜியன் மாதிரி ஒரு அணியை அதற்குப் பிறகு அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் மவுஸ் கதவைத் திறந்து சியூஹியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது, இந்தத் தடவை மெயின் அணிக்கு. தன் வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்பி, வெளியே பெயர் வாங்கிய பிறகு காசு கொடுத்துக் கூட்டி வருவது. இதை அகாடமியின் வெற்றி என்று எழுதுவதா தோல்வி என்று எழுதுவதா, நீங்களே சொல்லுங்கள்.

---

லேன்_கேபிள்_லெனின்:

சித்தப்பா மகன் கட்சியில் நான் ஒரு ஓட்டு.

ரோப்ஸ் எந்த அகாடமியில் இருந்து வந்தார்? ஃபேஸிட் தளத்தின் எஃப்பிஎல் என்ற ஆன்லைன் லீக்கில் தினமும் புரோக்களோடு மோதி, அவர்களை அடித்து, நேராக 2017-ல் மவுஸ் மெயின் அணிக்கு வந்தார். இப்போது மேலே ஆடுகிற பாதிப் பேர் அந்த வழிதான். டோங்க் ஸ்பிரிட் அகாடமியில் இருந்து வந்தவர், சரி. 2023-ல் மேலே வந்தார், 2024 பிப்ரவரியில் 17 வயதில் கட்டோவிட்ஸ் ஜெயித்து தொடரின் சிறந்த ஆட்டக்காரர், டிசம்பரில் ஷாங்காய் மேஜரிலும் அதே. இந்தப் பையன் அகாடமி இல்லாமல் போயிருந்தால் யார் கண்ணிலும் படாமல் இருந்திருப்பானா? மலையை மறைக்க முடியுமா?

---

ஹெட்ஷாட்_கண்ணாயிரம்:

லெனின், டோங்க் மாதிரி ஆள் பத்து வருடத்துக்கு ஒருவன். அவனை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. எஃப்பிஎல்-ல் ஐந்து பேரும் அன்றைக்குச் சேர்ந்த அந்நியர்கள், யார் எத்தனை பேரைச் சுடுகிறான் என்று தெரியும், அவ்வளவுதான். ஸ்மோக் போடுவது, தோழனுக்காகச் செத்துக் கொடுப்பது, ரவுண்ட் காசைக் கணக்குப் பண்ணுவது, தோற்ற மேட்சை மறுநாள் காலையில் கோச்சோடு உட்கார்ந்து திரும்பப் பார்ப்பது, இதை எல்லாம் எங்கே கற்பது? ஜிம்ஃபாட் ஆட்டத்தைப் பாருங்கள், ஸ்கோர்போர்டில் பெரிதாகத் தெரியவே மாட்டார், ஆனால் அவர் காக்கிற இடத்தில் யாரும் நுழைய முடியாது. அந்த மாதிரி ஆளை எஃப்பிஎல் பட்டியலைப் பார்த்து எடுக்கவே முடியாது.

வாட்ச்மேன் சொன்ன நாற்காலிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அது நான் யோசிக்காதது.

---

மிட்லேன்_மீனாட்சி:

நான் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற வேறொரு கேம் பக்கம், அதனால் அழையா விருந்தாளி. ஆனால் இந்த நாற்காலி விஷயத்துக்கு எங்கள் ஆட்டத்தில் பெரிய சாட்சி இருக்கிறது.

வட அமெரிக்காவில் 2018-ல் எங்கள் எல்சிஎஸ் லீக் ஃபிரான்சைஸ் (நிரந்தர அணிகள் முறை) ஆனபோது பத்து அணியும் கட்டாயம் அகாடமி அணி வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தார்கள். சம்பளம் கொடுத்தார்கள், கோச் வைத்தார்கள். மெயின் அணியில் இடம் வந்தபோதெல்லாம் ஐரோப்பாவில் இருந்தும் கொரியாவில் இருந்தும் பெரிய பெயரை வாங்கிப் போட்டார்கள். 2023 மே மாதம் கேமை நடத்தும் ரயட் நிறுவனம் அந்தக் கட்டாயத்தை எடுத்தது. உடனே பத்தில் ஏழு அணி இரண்டாம் அணியைக் கலைத்துவிட்டது! ஆட்டக்காரர்கள் சங்கம் ஓட்டெடுத்து வேலைநிறுத்தம் அறிவிக்க, கோடை சீசனே இரண்டு வாரம் தள்ளிப் போனது. விதி இருந்ததால் மட்டும் நின்ற கட்டடம், விதியை உருவியதும் விழுந்துவிட்டது.

கொரியாவிலும் 2021-ல் ஃபிரான்சைஸ் வந்தது, இரண்டாம் அணிகளுக்கு எல்சிகே சிஎல் என்று லீக் வைத்தார்கள். ஆனால் டி1 அணி என்ன செய்தது? ஜீயஸ், ஓனர், குமாயுசி மூவரும் அவர்களே வளர்த்த பையன்கள். அணியின் பெரிய நட்சத்திரம் ஃபேக்கரை வைத்துக்கொண்டு, அவரைச் சுற்றி அந்தப் பிள்ளைகளை நட்டார்கள். 2022 வசந்த சீசனில் லீக் ஆட்டம் 18-க்கு 18 ஜெயித்துக் கோப்பை, பிறகு 2023, 2024 இரண்டு வருடமும் உலகக் கோப்பை. சோலோ கியூவில் (தனி ஆளாகச் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டம்) எல்லாரும் எல்லாரையும் பார்க்கிற ஊர் கொரியா, லெனின் சொல்கிற வழி அங்கேதான் உலகத்திலேயே நன்றாக வேலை செய்யும். அங்கேயே டி1 அகாடமியை விடவில்லை.

---

லேன்_கேபிள்_லெனின்:

சரி சரி, நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை அடிக்காதீர்கள். அரை ஓட்டு வாபஸ்.

---

பிங்_நூற்றெண்பது:

அருமை. சித்தப்பா மகனுக்கு லிங்க் அனுப்பிவிட்டேன், "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றான், அதாவது படிக்க மாட்டான். இப்போது மவுஸ் அணியில் சியூஹி இல்லையே, அவர் எங்கே? அப்புறம் கண்ணாயிரம் அண்ணா ஜேடிசி என்று ஒருவரைச் சொன்னீர்கள், ரியோ அரையிறுதிக்கு அப்புறம் அவர் பெயரையே காணோம்?

---

ஏ_சைட்_வாட்ச்மேன்:

சியூஹியை 2025 தொடக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஸ்பின்க்ஸைக் கொண்டுவந்தார்கள், அணியை ப்ரோலன் நடத்த ஆரம்பித்தார். சியூஹி லிக்விட் அணிக்குப் போனார். நெக்ஸ்ட் வாசல் வழியாக வந்தவர்களில் மிச்சம் நின்றது டோர்சி, எக்ஸர்ஷன், ஜிம்ஃபாட். மூன்று பேர். இதுவே வேறு பெரிய அணியில் பார்க்க முடியாத கணக்கு.

ஜேடிசி விஷயம் கண்ணாயிரம் சொல்லட்டும், அவர்தான் ஜேடிசி கட்சி.

---

ஹெட்ஷாட்_கண்ணாயிரம்:

ஆமாம், வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

ஜெர்மனி அணியில், நெக்ஸ்டில் இருந்து வந்த ஜெர்மனிப் பையன் அவர். ரியோவில் பயமே இல்லாமல் ஆடினார். ஆனால் 2023 கோடையில் ஜிம்ஃபாட் தயாராகிவிட்டார், அவருக்கு மெயின் அணியில் ஒரு இடம் வேண்டும், எழுந்துகொள்ளச் சொன்னது ஜேடிசியைத்தான். ஏகாரை எழுப்பியபோது அகாடமிப் பையன் வருகிறான் என்று கைதட்டினோம், அடுத்த வருடமே ஒரு அகாடமிப் பையனை இன்னொரு அகாடமிப் பையனுக்காக எழுப்பினார்கள். மூன்றே மாதத்தில் மால்டாவில் கோப்பை, போட்டோவில் ஜேடிசி இல்லை. பிறகு பிக் அணிக்குப் போய் ஜெர்மன் பேசும் ஆட்களோடு ஆடினார்.

நேரம் கிடைத்தால் ரியோ காலிறுதியைத் தேடிப் பாருங்கள். யூடியூபில் முழுசாக இருக்கிறது.